கருப்பொருள் என்றால் எது? இலக்கிய மாணவர்களைக் குழப்பும் சொற்கள்

எஸ்.பி.எம். இலக்கிய மாணவர்களுக்கு நன்கு பழகிய சொல் 'கருப்பொருள்'. நாவல், நாடகம், இக்காலக் கவிதை ஆகியவற்றில் அது படைப்பின் மையக் கருத்தைக் குறிக்கிறது. தியாகம், வறுமை, குடும்ப உறவு என ஓரிரு சொற்களில் விடை எழுதிவிடலாம்.

இதே மாணவர்கள் பின்னர் பல்கலைக்கழகத்தில் சங்க அகப்பாடல்களைப் படிக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. அங்குக் கருப்பொருள் என்பது கருத்தே அன்று. ஒரு நிலத்திற்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றையே தொல்காப்பியர் 'கரு' என்கிறார். குறிஞ்சிக்கு முருகன், தினை, யானை, வேங்கை, மயில் ஆகியவை கருப்பொருள்கள். மலையும் நள்ளிரவும் முதற்பொருள். தலைவன் தலைவியின் கூடல் உரிப்பொருள். 'இப்பாடலின் கருப்பொருள் காதல்' என்று எழுதினால், பாடலை நன்றாகப் புரிந்துகொண்ட மாணவருக்கும் மதிப்பெண் போய்விடும். பள்ளியில் கருப்பொருள் என்று படித்ததற்கு இங்கு நெருக்கமானது உரிப்பொருளே.

நாடகத்தில் 'களம்' என்ற சொல்லும் இப்படித்தான். சிறுகதையில் கதை நிகழும் இடம் கதைக்களம். 1891இல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணியம்' நாடகத்திலோ, இன்று நாம் காட்சி என்பதுதான் களம். அதன் 5 அங்கங்களில் மொத்தம் 20 களங்கள் உள்ளன.