திணைப் பாகுபாடும் தட்பவெப்பமும்: மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு நோக்கு

சூழலியலார் ‘பயோம்’ என வழங்கும் கலைச்சொல்லுக்குத் தமிழில் ‘திணை’ என்பதையே ஈடாகக் கொள்ளலாம் என்னும் கருத்து, கலைச்சொல்லாக்கம் பற்றிய உரையாடல்களில் அவ்வப்போது எழுவதுண்டு. நிலம், பருவம், மரம், விலங்கு, மக்கள் தொழில் ஆகிய அனைத்தையும் ஒருங்கே தழுவிய பாகுபாடு நம்மிடம் இருக்கையில் புதுச்சொல் எதற்கு என்பது அவர்தம் வினா. வினா நியாயமானதே. எனினும், மிளகு மணக்கும் மட்டாஞ்சேரித் தெருக்களில் ஆனி மாத மழையில் நனைந்தபடி நடக்கும் தமிழாசிரியன் எவனுக்கும் இவ்வீட்டின்மேல் ஓர் ஐயம் தோன்றாமல் இராது. அவ்வையத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் மேலைக் கருத்தின் வரலாற்றைச் சுருங்க நோக்கலாம். அம்போல்ட், சிம்பராசோ மலையின் சரிவில் உயரத்துக்கேற்பத் தாவரங்கள் மாறுவதை 1807-இல் வெளியிட்ட நூலில் படமாக்கிக் காட்டினார். சிம்பர் 1898-இல் வெப்பமண்டல மழைக்காடு முதலிய வகைகளைத் தட்பவெப்பத்தோடு இணைத்து விளக்கினார். கோப்பன் 1900-இல் வகுத்த காலநிலைப் பாகுபாடு, தெ கண்டோல் என்பார் முன்னரே செய்திருந்த தாவரத் தொகுப்புகளைத் தழுவியது என்பது நோக்கத்தக்கது. காலநிலையின் எல்லையைத் தாவரமே வரைந்து கொடுத்தது எனலாம். ‘பயோம்’ என்னும் சொல்லைக் கிளமென்ட்சு 1916-இல் வழங்கினார். பின்னர் விட்டேக்கர், ஆண்டின் சராசரி வெப்பம், ஆண்டின் மொத்த மழை ஆகிய இரண்டை மட்டும் கொண்டு உலகின் காடு, புல்வெளி, பாலைவனம், தூந்திரம் ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் அடக்கினார்.

இவ்விரு அளவைகளின் ஆற்றலைக் காணத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கொச்சியும் மதுரையும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில், வடக்கே பத்துப் பாகையை ஒட்டி உள்ளன. சராசரி வெப்பத்திலும் பெரிய வேற்றுமை இல்லை. ஆனால் கொச்சியில் ஆண்டுக்கு 3000 மி.மீ. அளவில் மழை, மதுரையிலோ 850 மி.மீ. அளவிலேயே. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மேற்குச் சரிவில் நீரைக் கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும் காற்று வெப்பமுற்று வறண்டுபோகிறது. ஆகவே மேற்கே பசுமைமாறாக் காடும் அதன் நிழலில் படரும் மிளகும்; கிழக்கே முட்புதரும் இலையுதிர் காடும். மலையுச்சியில் 2695 மீட்டர் உயர ஆனைமுடியைச் சூழச் சோலையும் புல்வெளியும் கலந்த மூன்றாவது ஓர் உலகம் உண்டு.

இம்மலை மொழியிலும் தடம் பதித்துள்ளது. கிழக்கு ‘கீழ்’ என்னும் அடியிலும் மேற்கு ‘மேல்’ என்னும் அடியிலும் பிறந்தவை. மலை மேற்கிலும் கடல் கிழக்கிலும் அமைந்த நாட்டில்தான் இப்பெயர்கள் பொருந்தும். மட்டாஞ்சேரியில் நிற்பவனுக்கோ மலை கிழக்கே, கடல் மேற்கே. எனினும் மலையாளத்திலும் அத்திசை கிழக்கே. மலையாள நாட்டில் குடியேற்றம் மலைக்குக் கிழக்கிலிருந்து நிகழ்ந்தது என்பதற்குக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) இதனைச் சான்றாக்கினார். மேற்குத் திசைக்கு மலையாளத்தில் ஞாயிறு படியும் திசை என்னும் பொருளுடைய ‘படிஞ்ஞாறு’ பெருவழக்காயிற்று. கடலை ‘மேல்’ என்பதில் இருந்த இடர்ப்பாடும் அதற்கு ஒரு காரணமாகலாம் என்பது என் ஊகம். அதற்கு மேல் வலியுறுத்தேன்.

இனித் திணைக்கு வருவோம். தொல்காப்பியம் முல்லைக்குக் கார்காலத்தையும், குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும், பாலைக்கு வேனிலையும் பின்பனியையும் பெரும்பொழுதாக உரைக்கிறது. இப்பருவங்களுக்கு மாதம் வகுத்தவர்கள் உரையாசிரியர்கள். அவர்தம் கணக்கின்படி ஆனியும் ஆடியும் முதுவேனில். ஆவணியும் புரட்டாசியும் கார். கொச்சியில் மழை மிகக் கடுமையாகப் பெய்யும் காலமே இந்த முதுவேனில்தான். இடவத்தின் பாதியில், அதாவது நம் வைகாசியின் நடுவில், தொடங்கும் மழை மிதுனத்திலும் கர்க்கடகத்திலும் உச்சம் அடைகிறது. வேலையும் விளைச்சலும் அற்ற மழைமாதம் என்பதனால் கர்க்கடகத்தைப் பஞ்சமாதம் எனப் பழித்த நாடு அது. ஆக, உரையாசிரியர் தந்த பருவ அட்டவணை மலையின் கிழக்குப் புறத்துக்குரியது. அதனை உலகளாவிய அறிவியற் சொல்லாக்கினால் சேரநாட்டுக் கடற்கரைக்கே பொருந்தாமற் போகும்.

பாலையோ இன்னும் ஆழமான சிக்கலைத் தருகிறது. தொல்காப்பியர் கூறும் நால்வகை நிலத்தில் பாலைக்கு இடமில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அதாவது பாலை ஓர் இடமன்று. ஓர் இடம் ஆண்டின் ஒரு பகுதியில் அடையும் நிலை. விட்டேக்கரின் வரைபடமோ ஆண்டுச் சராசரியால் ஆனது. சகாராவை அதில் குறிக்கலாம். மழை பெய்தவுடன் மீண்டும் முல்லையாகிவிடும் பாலையைக் குறிக்க இயலாது. ‘டெசர்ட்’ என்பதைப் பாலைவனம் என்று பெயர்த்தபோதே இந்நுட்பம் மறைந்துவிட்டது. அது போயிற்று, மீட்க முடியாது.

மருதமும் நெய்தலும் வேறொரு செய்தி சொல்கின்றன. இவ்விரண்டிற்கும் தொல்காப்பியம் சிறுபொழுது மட்டுமே கூறுகிறது, பெரும்பொழுது கூறவில்லை. எனவே ஆறு பருவமும் உரியன என்று உரையாசிரியர்கள் கொண்டனர். செருமானியத் தாவரவியலார் வால்ட்டர், காலநிலையால் உருவாகும் தாவரத் தொகுதிகளினின்று மண்ணாலும் நீராலும் உருவாகும் தொகுதிகளைப் பிரித்து, பின்னவற்றை மண்டலம் சாராதவை என்றார். ஆற்றங்கரையும் உப்பங்கழியும் பின்னவற்றின்பாற்படும். பருவம் வரையறுக்கப்படாத இரு திணைகளும் நீரால் அமைந்த நிலங்களாகவே இருப்பது தற்செயலாகவும் இருக்கலாம்; ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

உப்பங்கழிக்குரிய மரம் கண்டல். சங்கப் பாடல்களில் நெய்தற்குரியதாகப் பயிலும் இச்சொல் கொச்சியில் இன்றும் உயிரோடுள்ளது. அறிவியலுக்குள் அது புகுந்த வாயிலும் கொச்சியே. 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரரின் மலபார்த் தலைவராயிருந்த வான் ரீடு தொகுப்பித்த ‘ஓர்த்தூசு மலபாரிக்கசு’ 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. செடிகளின் பெயரும் குணமும் சொன்னவர் சேர்த்தலைப் பகுதி வைத்தியர் இட்டி அச்சுதன். உடன் உழைத்தோர் ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் கொங்கணி அந்தணர் மூவர். அச்சுதனின் சான்றுரை கோலெழுத்திலும், மூவரின் சான்றுரை நாகரியிலும் முதல் தொகுதியில் உள்ளன.

நூலின் ஆறாம் தொகுதியில் கண்டல் வகைகள் அடுத்தடுத்து வருகின்றன. டச்சு எழுத்துக்கூட்டலை விலக்கிப் படித்தால் அவை பேக்கண்டல், கரிக்கண்டல், செறுகண்டல் என்றாகும். செறு என்பது நம் ‘சிறு’. பே என்பது பேய்ச்சுரை முதலியவற்றில் காணும் ‘பேய்’ ஆகலாம். தாவரத்தின் குடும்ப உறவைப் பொதுச்சொல்லாலும் வேற்றுமையை அடைமொழியாலும் காட்டும் இம்முறை அந்நாட்டு மக்களுடையது. இரு சொற்பெயரை லின்னேயசு 1753-இல் முறைப்படுத்துவதற்கு முக்கால் நூற்றாண்டு முற்பட்டது. அவர் செறுகண்டலுக்கு இட்ட பெயரில் ‘கண்டல்’ சிறப்புப் பெயராயிற்று. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய வைட்டும் ஆர்னாட்டும் 1834-இல் ‘கண்டேலியா’ என்னும் பேரினம் அமைத்தனர்.

2003-இல் கிழக்காசியக் கண்டேலியா தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. இது சப்பானின் ககோசிமாவில், வடக்கே 31 பாகையில், கண்டற்காடுகளின் குளிர் எல்லையிலும் வளர்கிறது. உப்பும் ஓதமும் அங்கும் உண்டு. அதற்கும் வடக்கே அக்காட்டைத் தடுப்பது குளிர்காலத் தண்மை. மண்டலம் சாராத காட்டுக்கும் காலநிலை ஓர் எல்லை வரைகிறது. அவ்வெல்லையில் நிற்கும் மரத்தின் பெயர் நெய்தல் நிலத்துச் சொல்.

எனவே ‘பயோம்’ என்பதற்கு ‘உயிர்ப்புலம்’ போன்ற புதுச்சொல்லை ஆக்கிக்கொண்டு, திணையைத் திணைக்கே விட்டுவிடுதல் தக்கது என்பது என் கருத்து. அதனினும் விரைந்து செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. கொச்சிக் காயலோரக் கண்டற்காடுகள் பெரிதும் அழிந்துவிட்டன; எறணாகுளத்து மங்களவனம் போன்ற சில துண்டுகளே எஞ்சியுள்ளன. பேக்கண்டலையும் கரிக்கண்டலையும் கண்ணால் பிரித்தறிந்து பெயர் சொல்லக்கூடிய முதியோர், இக்கரையிலும் பிச்சாவரத்திலும், இன்னும் உள்ளனர். அவர்கள் வழக்கை ஆறாம் தொகுதியின் படங்களோடு ஒப்பிட்டுப் பதிவு செய்வதை அடுத்த மழைக்கு முன்னரே தொடங்கலாம்.