இரும்புக் கயிற்றின் கதை – 4: பாறைக்குள் கேட்ட சத்தம்

முதல் உலகப் போர், 1915 ஜூலை 20. ஃபொன்தானநேக்ரா கணவாயில் எதிரிகளான ஆஸ்திரியரின் நிலைகளை நோட்டமிட்டுக்கொண்டிருந்த இத்தாலியத் தளபதி அந்தோனியோ கான்தோரே குண்டடிபட்டுச் சாய்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம்.

பிறகு கணவாய் இத்தாலியர் வசமானது. ஆனாலும் அவர்களால் முன்னேற முடியவில்லை. 3,225 மீட்டர் உயரமுள்ள தொஃபானா தி ரோஸெஸ் சிகரத்தின் தோளில் துருத்தி நிற்கும் காஸ்தெல்லெத்தோ என்ற பாறை ஆஸ்திரியர் கையில் இருந்தது. கீழே யார் நகர்ந்தாலும் மேலிருந்து தோட்டா வரும்.

இத்தாலியின் மலைப்படையான அல்பீனி வீரர்கள் செங்குத்துப் பாறையில் இரும்பு முளைகளை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள், மர ஏணிகளைச் சாத்தினார்கள். உணவும் தோட்டாவும் அந்த வழியாகவே மேலே போயின. அப்படியும் பாறை விழவில்லை. அதனால் 1916இன் தொடக்கத்தில் மலையையே குடையத் தொடங்கினார்கள். பொறுப்பு லூயிஜி மால்வெஸி என்ற இளம் அதிகாரியிடம். காற்றழுத்தத் துளைப்பான்கள் இரவும் பகலும் ஓடின. சுரங்கம் ஏறத்தாழ 500 மீட்டர் நீண்டது.

இன்று இந்தச் சிகரத்துக்கான லிப்பெல்லா என்ற இரும்புக் கயிற்றுப் பாதையில் ஏறுகிறவர்கள் தலைவிளக்கோடு அந்தச் சுரங்கத்துக்குள் நுழைந்துதான் வெளியே வருகிறார்கள். பிறகு எஃகுக் கம்பியில் கொக்கியை மாட்டிக்கொண்டு சிகரம் வரை போகலாம். அற்புதமான ஏற்றம். ஆனால் அந்த இருட்டைக் குடைந்தவர்கள் யார், எதற்காகக் குடைந்தார்கள் என்று தெரிந்துகொண்டு ஏறுவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்பேன்.

1916க்குத் திரும்புவோம். மேலே காஸ்தெல்லெத்தோவில் காவல் நின்ற ஆஸ்திரியப் படைக்குத் தலைமை ஹான்ஸ் ஷ்னீபெர்கர். வயது 21. (பிற்காலத்தில் ‘தி ப்ளூ ஏஞ்சல்’ படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவரான அதே ஷ்னீபெர்கர்தான்.) காலடியில் பாறை அதிர்வது அவருக்கும் வீரர்களுக்கும் நன்றாகக் கேட்டது. எதிர்ச் சுரங்கம் வெட்டிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை.

அந்த இரைச்சலில் ஒரு நிம்மதியும் இருந்தது. துளைப்பான் ஓடும்வரை வேலை முடியவில்லை என்று அர்த்தம். வேலை முடியாதவரை வெடி வைக்க மாட்டார்கள். படுக்கப் போகும்போது சத்தம் கேட்டால், விடியும்வரை உயிருக்குப் பயமில்லை.

1916 ஜூலை தொடக்கம். துளைப்பான்கள் நின்றன.

கீழே, சுரங்க வாயிலை நோக்கி வெடிமருந்துப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரத் தொடங்கின. மொத்தம் 35 டன். மேலே ஷ்னீபெர்கருக்கு இனி ஒரே கேள்விதான்: எந்த இரவு?

(அடுத்த வாரம்: ஜூலை 11, அதிகாலை 3.30 மணி)