வங்காளத்தில் கஞ்சா சாகுபடி உரிமம்

கஞ்சா சாகுபடி உரிமம் என்பது கஞ்சாச் செடியைப் பயிரிட அரசு அளிக்கும் எழுத்து அனுமதி. இந்தியாவில் இம்முறை நீண்ட காலம் நடந்த இடங்களில் முதன்மையானது பிரிட்டிஷ் ஆட்சிக்கால வங்காளம். பயிர் விளைந்தது வட வங்காளத்தில். அதை நெறிப்படுத்திய கலால் நிருவாகம் இருந்தது கல்கத்தாவில், அதாவது இன்றைய கொல்கத்தாவில். தற்போது மேற்கு வங்காளம் உட்பட நாடு முழுவதும் இந்த அனுமதியைத் தீர்மானிப்பது 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம்.

தோற்றம்

கிழக்கிந்தியக் கம்பெனி 1793இல் பிறப்பித்த ஒழுங்குவிதியின்படி, மாவட்டக் கலெக்டரின் உரிமம் இல்லாமல் பாங்கு, கஞ்சா, சரஸ் (கஞ்சாப் பிசின்) ஆகியவற்றைத் தயாரிப்பதும் விற்பதும் தடைசெய்யப்பட்டன. வரி வருவாய் பெருகியபோது, கடையை மட்டும் கண்காணித்தால் போதாது, வயலையும் கண்காணிக்க வேண்டும் என்ற நிலை உருவானது. வங்காளத்தின் கஞ்சா சாகுபடியையும் வணிகத்தையும் ஆராய்ந்து ஹேம் சந்திர கெர் 1877இல் அளித்த அறிக்கை இத்துறையின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்று.

நௌகாவ் கஞ்சா மகால்

உரிமம் பெற்ற சாகுபடி, ராஜசாஹி மாவட்டத்து நௌகாவைச் சுற்றியிருந்த ஒரு வட்டாரத்திற்குள் அடக்கப்பட்டது. இப்பகுதி இன்று வங்காளதேசத்தில் உள்ளது. ‘கஞ்சா மகால்’ என்று வழங்கிய இவ்வட்டாரத்தில் பயிரிட விரும்பிய உழவர், தம் நிலத்தின் விவரத்தைப் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும். அதிகாரிகள் பயிரை வயலிலேயே பார்வையிடுவர்.

நாற்றங்காலில் விதைப்பு ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும். மழை ஓயும் பருவத்தில் நாற்று நடப்படும். பூக்கும் முன்பே ஆண் செடிகளைக் களைவது இச்சாகுபடியின் நுட்பமான வேலை. மகரந்தம் சேர்ந்தால் பெண் பூவில் விதை பிடித்துப் பிசின் குறையும். சரக்கின் தரமும் கெடும். ஆண் செடியை இளமையிலேயே அடையாளம் காணத் தெரிந்தவர் ‘போத்தார்’ எனப்பட்டார். அவரை உழவர்கள் கூலிக்கு அமர்த்தினர். குளிர்காலம் முடியும்போது அறுவடையான கதிர்கள் ‘சாத்தர்’ என்னும் களத்தில் மிதித்துப் பதப்படுத்தப்பட்டன. தட்டைக் கஞ்சா, உருட்டுக் கஞ்சா, உதிர்ந்த தூளான சூர் என மூவகைச் சரக்கு கிடைத்தது.

எடையிடப்பட்ட சரக்கு ‘கோலா’ என்னும் கிடங்குகளில் வைக்கப்பட்டது. அதை வாங்கவும் வெளியே கொண்டுசெல்லவும் வணிகருக்குத் தனி உரிமமும் அனுமதிச் சீட்டும் தேவை. வரியின் சுமை விளைநிலத்தின் மேல் விழாமல், விற்பனைக்காக வெளியேறும் சரக்கின் எடை மேல் விழுந்தது. 1917இல் நௌகாவ் கஞ்சா உழவர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. 1947 பிரிவினையில் இவ்வட்டாரம் கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றது. வங்காளதேசம் உருவான பின்னும் தொடர்ந்த சாகுபடி 1987இல் நிறுத்தப்பட்டது.

இந்திய கஞ்சாப் பொருள்கள் ஆணையம்

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியை அடுத்து 1893இல் அமைக்கப்பட்ட இவ்வாணையம் தன் முதல் அமர்வை அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் கல்கத்தாவில் நடத்தியது. தலைவர் டபிள்யூ. மக்வொர்த் யங். உறுப்பினர்களுள் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வார்டனும் ஒருவர். 1839இல் மருத்துவர் ஓஷானசி கஞ்சாவின் மருத்துவப் பயன்களை ஆராய்ந்து எழுதியதும் அதே கல்லூரியில்தான்.

1,193 சாட்சிகளை விசாரித்த ஆணையம், முழுத் தடை தேவையும் அன்று, உகந்ததும் அன்று என 1894இல் முடிவு கூறியது. போதிய வரி, உரிமம் இல்லாச் சாகுபடிக்குத் தடை, சாகுபடியை ஓரிடத்தில் குவித்தல், கடைகளின் எண்ணிக்கைக்கும் ஒருவர் வைத்திருக்கும் அளவுக்கும் வரம்பு ஆகியவை அதன் பரிந்துரைகள். வங்காளத்தில் முன்பே நடந்துவந்த ஏற்பாட்டை மற்ற மாகாணங்களுக்கும் விரிக்க இவை வழிகோலின.

இன்றைய சட்டம்

1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு கஞ்சாச் செடி வளர்ப்பதைத் தடைசெய்கிறது. சட்டப்படி அனுமதி பெற்ற மருத்துவ, அறிவியல் தேவைகளுக்கு விலக்கு உண்டு. 10ஆம் பிரிவு சாகுபடியை அனுமதிக்கவும் ஒழுங்குபடுத்தவும் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. நாருக்காகவோ விதைக்காகவோ தொழில்நோக்கில் பயிரிடவும், தோட்டக்கலைக்காக வளர்க்கவும் 14ஆம் பிரிவின்கீழ் அரசு ஆணை பிறப்பித்து அனுமதிக்கலாம்.

இவ்வழியில் உத்தராகண்ட் 2018இல் நார்ப்பயிர்ச் சாகுபடிக்கு உரிமம் அளித்தது. போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னபினால் 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அங்குள்ள நிபந்தனை. ஜம்முவில் உள்ள இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம் ஆய்வுக்காகக் கஞ்சா பயிரிடுகிறது. உத்தராகண்டில் உள்ளது போன்ற சாகுபடித் திட்டம் மேற்கு வங்காளத்தில் நடைமுறையில் இல்லை. கூச் பிகார் மாவட்டத்தில் திருட்டுத்தனமாக விளையும் பயிரைக் கலால் துறையும் காவல் துறையும் தேடி அழித்துவருகின்றன.

அனுமதியின்றிப் பயிரிட்டால் 20ஆம் பிரிவின்படி 10 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தன் நிலத்தில் சட்டவிரோதமாகக் கஞ்சா வளர்வதை அறிந்த நிலக்காரர் உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவும் கடமைப்பட்டவர்.

பூங்கதிர் சேராத தனி இலையும் விதையும் இச்சட்டம் கூறும் ‘கஞ்சா’ என்னும் வரையறைக்குள் வருவதில்லை. இலையால் செய்யும் பாங்கு மாநிலக் கலால் விதிகளின்கீழ் விற்கப்படுவது இதனால்தான். ஆனால் ‘கஞ்சாச் செடி’ என்ற சொல் அப்பேரினத்தின் எல்லாச் செடிகளையும் குறிக்கும். எனவே இலைக்காகவே வளர்த்தாலும் அனுமதி இல்லாத சாகுபடி குற்றமே.