ஜோர்டனை விட்டவர்கள்: 1984 டிராஃப்ட் பற்றி சில குறிப்புகள்

அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்களிடம் வரலாற்றிலேயே மோசமான தேர்வு எதுன்னு கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். 1984-ல் போர்ட்லாண்ட் ட்ரெயில் பிளேசர்ஸ் அணி மைக்கேல் ஜோர்டனை விட்டுவிட்டு சாம் போவியை எடுத்தது. ஜோர்டன் யாரென்று கூடைப்பந்து பார்க்காதவர்களுக்கும் தெரியும். போவி யாரென்று பார்ப்பவர்களுக்கே இந்த ஒரு காரணத்துக்காகத்தான் தெரியும்.

நாற்பது வருஷமாக எல்லாரும் கேலி செய்தாச்சு. எனக்கு ஆர்வம் வேறு இடத்தில். 1984 ஜூன் 19-ம் தேதி அந்த அணியின் மேஜை மேல் என்னென்ன தகவல்கள் இருந்தன? அதை மட்டும் வைத்துப் பார்த்தால் அது தப்பான முடிவுதானா? தப்பு என்றால் எந்த இடத்தில் தப்பு?

டிராஃப்ட் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஐபிஎல் ஏலம் மாதிரி இங்கே பணத்தைக் கொட்டி ஆளைத் தூக்க முடியாது. கல்லூரியிலிருந்து வரும் வீரர்களை அணிகள் வரிசையாக ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். போன வருஷம் மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை. 1984-ல் முதல் இடம் யாருக்கு என்பதை, கிழக்குப் பிரிவில் கடைசியாக வந்த அணிக்கும் மேற்குப் பிரிவில் கடைசியாக வந்த அணிக்கும் நடுவே நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள். மேற்கில் கடைசி ஹூஸ்டன், கிழக்கில் கடைசி இந்தியானா.

அப்போ போர்ட்லாண்ட் எங்கே வந்தது? அந்த சீசனில் 82 ஆட்டங்களில் 48 ஜெயித்த நல்ல அணி அது. ஆனால் 1981-லேயே டாம் ஓவன்ஸ் என்ற முப்பதைத் தாண்டிய சென்டரை இந்தியானாவுக்குக் கொடுத்து, பதிலுக்கு அவர்களுடைய 1984 முதல் சுற்றுத் தேர்வை வாங்கி வைத்திருந்தார்கள். ஓவன்ஸ் இந்தியானாவில் ஆடியது ஒரே ஒரு சீசன். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் அதிகமாகக் கேலிக்குள்ளாக வேண்டிய அணி இந்தியானாதான். அவர்களை யாரும் கண்டுகொள்வதே இல்லை.

நாணயம் ஹூஸ்டன் பக்கம் விழுந்தது. அவர்கள் ஹக்கீம் ஒலாஜுவானை எடுத்தார்கள். போர்ட்லாண்ட் ஜெயித்திருந்தாலும் அவரைத்தான் எடுத்திருக்கும். ஹூஸ்டனும் ஜோர்டனை விட்ட அணிதான், ஆனால் ஒலாஜுவான் 1994, 1995-ல் இரண்டு கோப்பை வாங்கித் தந்ததால் அவர்களை யாரும் குறை சொல்வதில்லை. அடுத்தது போர்ட்லாண்ட், போவி. மூன்றாவதாக சிகாகோ புல்ஸ், ஜோர்டன். எடுத்த கையோடு சிகாகோவின் மேலாளர் ராட் தோர்ன், ஜோர்டன் ஏழடி உயரம் இல்லையே என்கிற தொனியில்தான் பத்திரிகைகளிடம் பேசினார். அள்ளிக்கொண்டவர்களுக்கே முழுசாகத் தெரியாது. அதே டிராஃப்டில் சார்லஸ் பார்க்லி ஐந்தாவது, ஜான் ஸ்டாக்டன் பதினாறாவது.

முடிவு தெரிந்த பிறகு எல்லாமே முன்னாடியே தெரிந்த மாதிரி தோன்றுவதைப் பற்றி பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். 1814-ல் பிரிட்டிஷாருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போர் பற்றிய ஒரு பத்தியைப் பலருக்கு வாசிக்கக் கொடுத்தார். சிலருக்கு முடிவு சொல்லப்படவில்லை. மற்றவர்களில் ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு முடிவு, இதுதான் நடந்தது என்று சொல்லப்பட்டது. தங்களிடம் சொல்லப்பட்ட முடிவே இயல்பாக நடந்திருக்கக்கூடியது என்று நினைக்கும் சாய்வு அவர்களிடம் இருந்தது. எங்கள் துறையில் சர்வர் படுத்த மறுநாள் நடக்கும் கூட்டங்களில் இதை வாராவாரம் பார்க்கலாம். "இந்த லாக் லைனைப் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்த ஒரு வரியோடு சேர்ந்து அன்றைக்கு இன்னும் பத்தாயிரம் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன என்பதை மறந்துவிடுவார்.

சரி, போர்ட்லாண்ட் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். ஜோர்டன் ஆடுவது ஷூட்டிங் கார்டு இடத்தில். அந்த இடத்தில் அவர்களிடம் ஜிம் பாக்ஸன் இருந்தார். 1983, 1984 இரண்டு வருஷமும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவர். போதாததற்கு முந்தைய வருஷ டிராஃப்டில் எடுத்த கிளைட் டிரெக்ஸ்லர் வேறு. சென்டர் இடம்தான் காலி. அந்தக் காலத்தில் கோப்பை என்றாலே உயரமான சென்டர் என்பது கிட்டத்தட்ட வேதவாக்கு: ரஸ்ஸல், சேம்பர்லின், கரீம், மோசஸ் மலோன். போர்ட்லாண்ட் வாங்கிய ஒரே கோப்பையும் (1977) பில் வால்டன் என்ற சென்டரால் வந்ததுதான். அப்போதைய பயிற்சியாளர் ஜாக் ராம்சே 1984-லும் அங்கேதான் இருந்தார். வீரர்களைத் தேர்வு செய்யும் பொறுப்பில் இருந்த ஸ்டூ இன்மனும் அதே ஆள்தான்.

போவியும் சாதாரண ஆள் இல்லை. ஏழடி ஒரு அங்குலம். நன்றாகப் பாஸ் செய்வார். கல்லூரியில் இருக்கும்போதே 1980 அமெரிக்க ஒலிம்பிக் அணிக்குத் தேர்வானவர் (மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்ததால் போக முடியவில்லை). போர்ட்லாண்டுக்கு வந்த முதல் சீசனில் 76 ஆட்டங்கள், சராசரி 10 புள்ளி, 8.6 ரீபவுண்ட். அறிமுக வீரர்களுக்கான முதல் அணியிலும் இடம் பிடித்தார்.

இங்கே ஒரு கணக்கு, பலரும் கவனிக்காதது. இரண்டாவது சீசனில் போவி 38 ஆட்டம்தான் ஆடினார். ஜோர்டன்? மூன்றாவது ஆட்டத்திலேயே இடது பாதத்தில் எலும்பு முறிந்து, மொத்தம் 18 ஆட்டம். ஆக, 1986 ஏப்ரலில் லீக் ஆட்டங்கள் முடிந்தபோது போவி 114, ஜோர்டன் 100. 'எலும்பு உடையும் ஆள்' என்ற பட்டம் யாருக்குப் போகும் என்று அன்றைக்கு யாராலும் அடித்துச் சொல்லியிருக்க முடியாது. ஜோர்டனின் பாதம் ஆறியது, போவியின் கால் ஆறவில்லை. 1986 நவம்பரில் அவருடைய வலது கீழ்க்கால் எலும்பு முறிந்தது. அந்த சீசனில் 5 ஆட்டம், அடுத்ததில் பூஜ்யம், அதற்கடுத்ததில் 20. போர்ட்லாண்டில் ஐந்து வருஷத்தில் மொத்தம் 139.

'ஜோர்டன் வந்திருந்தால் ஆறு கோப்பையும் போர்ட்லாண்டுக்கு' என்பதும் சுத்த அபத்தம். சிகாகோவுக்கு ஸ்காட்டி பிப்பன் கிடைத்தது 1987-ல், டிராஃப்ட் நாளில் சியாட்டிலோடு நடந்த ஒரு பரிமாற்றத்தில். பிறகுதான் ஃபில் ஜாக்சன் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். பழைய கமிட் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, அதற்கு மேல் எழுதின எல்லாமே அப்படியே ஓடும் என்று எந்த புரோகிராமரும் நம்ப மாட்டார்.

இதுவரை நான் போர்ட்லாண்டுக்கு வக்கீலாகப் பேசிய மாதிரி இருக்கும். ஆனால் அவர்கள் தப்பு செய்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதை நிரூபிக்க ஜோர்டனின் ஆறு கோப்பைகள் தேவையே இல்லை. போவியின் எக்ஸ்ரே போதும்.

கென்டக்கி பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது போவிக்கு இடது கீழ்க்கால் எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வந்தது. 1981-82, 1982-83 என இரண்டு சீசன் முழுசாக ஆடவில்லை. திரும்பி வந்து ஆடிய ஒரு சீசனில் சராசரி 10.5 புள்ளி. எதிர்ப்பக்கம் ஜோர்டன் அதே வருஷம் சராசரி 19.6 புள்ளி எடுத்து, நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான நெய்ஸ்மித் விருது, வுடன் விருது இரண்டையும் வாங்கியிருந்தார். இதெல்லாம் ஜூன் 19-க்கு முன்னால் செய்தித்தாளில் வந்த தகவல்.

கால் விஷயத்தில் இந்த அலுவலகத்துக்கு அனுபவம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1977-ல் கோப்பை வாங்கித் தந்த அதே வால்டன், அடுத்த வருஷமே பாதம் உடைந்து உட்கார்ந்தார். 1978-79 முழுக்க ஆடாமல் இருந்துவிட்டு வேறு அணிக்குப் போய்விட்டார். ராம்சே, இன்மன் இரண்டு பேரும் பக்கத்திலிருந்து பார்த்த கதை இது. வால்டனிடமிருந்து 'சென்டர் இருந்தால் கோப்பை' என்ற பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். 'சென்டரின் பாதம் போனால் அஞ்சு வருஷம் போச்சு' என்ற பாதியை விட்டுவிட்டார்கள்.

சென்டர் இடம் காலி என்பதிலும் அவர்களுடைய கைவரிசை உண்டு. அதே ஜூன் மாதம், டிராஃப்டுக்குச் சில நாள் முன்பு, கிகி வான்டவேயை வாங்குவதற்காக டென்வருக்கு மூன்று வீரர்களைக் கொடுத்தார்கள். அதில் ஒருவர் வெய்ன் கூப்பர், சென்டர். குழியை வெட்டினதும் அவர்கள்தான், குழியை மூட ஆள் வேண்டும் என்று அவசரப்பட்டதும் அவர்கள்தான். அந்த வருஷ ஒலிம்பிக் பயிற்சியாளர் பாபி நைட் "ஜோர்டனை எடு" என்று இன்மனிடம் சொன்னதாகவும், எங்களுக்கு சென்டர்தான் வேணும் என்று இவர் சொன்னதும் "அப்போ ஜோர்டனையே சென்டரா ஆட வை" என்று நைட் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உலவுகிறது.

மருத்துவச் சோதனை நடத்தாமல் எடுத்துவிடவும் இல்லை. சுமார் ஏழு மணி நேரம் சோதித்தார்கள். 2012-ல் வந்த ஆவணப்படத்தில் போவி அதைப் பற்றிப் பேசினார். சின்ன சுத்தியலால் கால் எலும்பைத் தட்டி வலிக்கிறதா என்று கேட்டபோது இல்லை என்றாராம். உள்ளுக்குள் வலித்ததாம். குடும்பக் கஷ்டம் இருக்கும்போது யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்பது அவர் பக்கம். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. இருபத்து மூணு வயசுப் பையன், வாழ்க்கையையே மாற்றப்போகும் சம்பளம் எதிரே இருக்கிறது, 'வலிக்குதா?' என்று கேட்டால் என்ன சொல்வான்? பதிலால் லாபம் அடையப்போகிறவனிடமே கேட்டு, அந்தப் பதிலைச் சான்றாக எடுத்துக்கொண்டதுதான் ஓட்டை. ரெண்டு வருஷ ஆட்டக்கணக்கு வேறு பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது.

2007-ல் அதே அணி முதல் இடத்தில் கிரெக் ஓடனை எடுத்துவிட்டு கெவின் டுரான்ட்டை விட்டது. ஓடனுக்கு அந்த செப்டம்பரிலேயே முழங்கால் அறுவை சிகிச்சை. போர்ட்லாண்டுக்காக அவர் ஆடியது மொத்தமே 82 ஆட்டம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சிரிப்பார்கள். நான் வைக்க மாட்டேன். ஓடன் இரண்டு சீசன் உட்கார்ந்துவிட்டு வந்தவர் இல்லை. அவரை முதலில் எடுக்க வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னவர்கள் ஏராளம். அது துரதிர்ஷ்டம். 1984 அப்படியில்லை.

போவியை 1989-ல் நியூ ஜெர்சி நெட்ஸுக்குக் கொடுத்து பக் வில்லியம்ஸை வாங்கினார்கள். வில்லியம்ஸும் டிரெக்ஸ்லரும் சேர்ந்த அணி 1990-லும் 1992-லும் இறுதிப் போட்டிக்குப் போனது. 1992-ல் எதிரே சிகாகோ. முதல் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே ஜோர்டன் 35 புள்ளி. போவி நெட்ஸில் நாலு சீசன், லேக்கர்ஸில் ரெண்டு சீசன் ஆடி 1995-ல் ஓய்வு பெற்றார். எண்ணிப் பார்த்தால் 511 ஆட்டங்கள். 2012 மார்ச்சில் ஓடனை விடுவித்த அதே நாளில் போர்ட்லாண்ட் இன்னொரு பரிமாற்றமும் செய்தது, மறுபடி நெட்ஸோடுதான். அதில் வந்த தேர்வை வைத்து அந்த ஜூனில் ஆறாவது ஆளாக டேமியன் லில்லார்டை எடுத்தார்கள்.