கைவிடப்படாத கப்பல்

மூழ்கடித்த கலங்களைக் கொண்டே கடற்படையின் திறனை அளப்பர். கரைசேர்த்த கலத்தைக் கொண்டு அளப்பதும் தகும்.

1942ஆம் ஆண்டில் மத்தியதரைக் கடலிலுள்ள மால்ற்றாத் தீவு, ஜேர்மனிய, இத்தாலிய முற்றுகையால் உணவும் எண்ணெயுமின்றி வாடியது. ஓகஸ்ட் மாதம் 14 வணிகக் கப்பல்கள் பிரித்தானியக் கடற்படையின் காவலுடன் அத்தீவை நோக்கிச் சென்றன. 11ஆந் திகதி 'ஈகிள்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. மறுநாள் 'ஒகாயோ' என்னும் எண்ணெய்க்கப்பலை இத்தாலிய நீர்மூழ்கியொன்று தாக்கியது. பின்னர் விமானக் குண்டுவீச்சால் அதன் இயந்திரங்களும் நின்றன.

தீவைக் காக்கும் எண்ணெய் அதிலன்றோ இருந்தது! கட்டியிழுத்த வடங்கள் அறுந்தன. மாலுமிகள் இருமுறை இறங்கி, இருமுறையும் மீண்டும் ஏறினர். ஈற்றில் 'பென்', 'பிராம்ஹாம்' என்னும் நாசகாரிக் கப்பல்கள் இருமருங்கும் தம்மைப் பிணைத்து, நோயாளியைத் தோளில் தாங்குவார்போல் அதனை மெல்ல நடத்திச் சென்றன. விரைவை இழந்த போர்க்கப்பல் குண்டுக்கு எளிய இலக்காகும் என்பதை அவற்றின் தலைவர்கள் அறியாதவரல்லர்.

15ஆந் திகதி 'ஒகாயோ' துறைமுகம் புகுந்தது. பதினான்கனுள் கரைசேர்ந்தவை ஐந்தே. எண்ணெயை இறக்கிய அக்கப்பல் துறைமுகத்தின் அடித்தரையில் அமர்ந்தது. மால்ற்றாவோ பணியாது நின்றது.