கிரீஸா, ஆயிலா? ஹெரால்டு ஸ்டியரிங் சொல்லும் கதை

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்றை ஓட்டிட்டுப் போறீங்கன்னு வைங்க. ஸ்டியரிங்ல ஒரு குறையும் தெரியாது. அப்படியே செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவுல நல்லா ஒடிக்கும்போது திடீர்னு இறுகும். வளைவு முடிஞ்சா சரியாயிடும். பட்டறைக்குப் போனா, மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு "நல்லாத்தானே இருக்கு"ன்னு சாவியைத் திருப்பிக் கொடுப்பார். சாஃப்ட்வேர்ல இதைத்தான் "என் மெஷின்ல ஓடுதே"ன்னு சொல்வோம்.

இந்தக் கோளாறுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. பிரிட்டனில் ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை, 1953-இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிடுச்சு. அதனால புது காருக்குத் தனி சேஸிஸ், அது மேல போல்ட் போட்டு மாட்டுற பாடின்னு முடிவாச்சு. வடிவமைச்சது இத்தாலியின் மிக்கெலோட்டி. 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு வந்தது. துண்டு துண்டா அனுப்பி வேறு நாட்டில் பூட்ட இந்த அமைப்பு வசதி. 1961-இலிருந்து மெட்ராஸிலும் ஹெரால்டு தயாரானது. அதே சேஸிஸைச் சுருக்கி, அதே முன் சஸ்பென்ஷனை வைத்து 1962-இல் வந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். லோட்டஸ் எலானும் இதே வகை முன் அமைப்பைத்தான் எடுத்துக்கிட்டது.

ஹெரால்டு சுமார் 25 அடி வட்டத்துக்குள்ள திரும்பும். லண்டன் டாக்சிக்கு இணையான திருப்பம். முன் சக்கரத்தைத் தாங்குற ஸ்டீல் தண்டுக்கு மேலே பால் ஜாயிண்ட். கீழே மரை போட்டு, டிரனியன்னு சொல்ற வெண்கலக் கட்டைக்குள்ள திருகியிருக்கும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் ஏறி இறங்கும்.

சிக்கல் இங்கேதான். அந்த மரைக்குக் கம்பெனி சொன்னது கிரீஸ் இல்லை, 90 கியர் ஆயில். ஆனா டிரனியன்ல இருக்கிற பிளக்கைக் கழற்றி நிப்பிள் மாட்டி, கிரீஸ் கன்னாலதான் அந்த ஆயிலை ஏத்தணும். நிப்பிளைப் பார்த்ததும் எந்த மெக்கானிக்கும் கிரீஸ்தான் அடிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. விதி இருந்தது கையேட்டில். கார் நாலு கை மாறினா கையேடு கூட வராது. 1980களின் இறுதியில் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் கார் தயாரிப்பும் நின்னுபோச்சு.

கிரீஸ் எல்லா மரைக்கும் போய்ச் சேராது, நாளாக நாளாக இறுகிடும். சாரல் மாசத்துத் தண்ணி உள்ளே போனா துரு. நேர் ரோட்டில் மரையின் நடுப்பகுதி மட்டும்தான் வேலை செய்யும். முழுசா ஒடிக்கும்போதுதான் துருப்பிடிச்ச ஓரம் வரும். "சில நேரம் மட்டும்" வர்ற கோளாறுக்கு அதுதான் காரணம். அப்படியே விட்டா தண்டு ஒருநாள் முறியும், சக்கரம் மடங்கிடும். மலைப்பாதையில அது உயிர் போற விஷயம்.

அப்போ எப்படிக் கண்டுபிடிக்கறது? பாதி பாதியாப் பிரிக்கணும். முதலில் சக்கரம் தரையில் இருக்கும்போது ஒருத்தர் ஸ்டியரிங்கை ஆட்டட்டும். ராக் பக்கவாட்டில் நகர்ந்தா அதைப் பிடிச்சிருக்கிற ரப்பர் போயிருக்கு. அப்புறம் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு பக்கமும் டை ராட் எண்டைக் கழற்றுங்க. ஸ்டியரிங் இன்னும் இறுகினா ராக்கோ காலமோ காரணம். லேசா சுத்தினா, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால கோடிக்குக் கோடி திருப்புங்க. எங்கே இறுகுதோ அந்தப் பக்கம்தான். பால் ஜாயிண்ட் நல்லா இருந்தா டிரனியனைக் கழற்றி மரையைப் பாருங்க. துரு தெரிஞ்சா ஆயில் விட்டு ஓட்டாதீங்க, தண்டையும் சேர்த்து மாத்துங்க. இடது, வலது மரைகள் எதிரெதிர் திசை, குழப்பிடாதீங்க.

மாத்தின பிறகு ஒரு வேலை பாக்கி. "இங்கே ஆயில் மட்டும்"னு பானெட்டுக்கு உள்ளே பெயிண்ட்ல எழுதி வைங்க. நாங்க இதை டாக்குமெண்டேஷன்னு சொல்வோம். அடுத்து ஓட்டப்போறவருக்கு அந்தக் கையேடு கிடைக்காது, அந்த ஒரு வரி கிடைக்கும்.