சீருடைக்கு முன்பே வந்த சின்னம்: பிரிட்டிஷ் கடற்படை மாலுமியின் உடை விதிகள்

1748 ஏப்ரலில் பிரிட்டிஷ் கடற்படையை நிர்வகித்த அட்மிரால்டி தன் அதிகாரிகளுக்கு முதன்முதலாகச் சீருடை விதித்தது. அட்மிரலிலிருந்து மிட்ஷிப்மன் வரை யார் எந்த மாதிரிக் கோட்டு அணிய வேண்டும் என்று வரையறுத்த அந்த ஆணையில் நீலமும் வெள்ளையும் கடற்படையின் நிறங்களாயின. பாய்மரம் ஏறிய, பீரங்கி இழுத்த சாதாரண மாலுமியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவனுக்கான சீருடை ஆணை 1857 ஜனவரி 30 அன்றுதான் வந்தது. இடைவெளி ஏறத்தாழ 109 ஆண்டுகள். விந்தை என்னவென்றால், சீருடை வருவதற்கு முன்பே அவன் கையில் சின்னமும் மார்பில் பதக்கமும் ஏறிவிட்டன. வழக்கமாக உடை முதலில் வரும், அதன்மேல் சின்னம் தைக்கப்படும். இங்கே வரிசை தலைகீழாக நடந்ததற்குக் காரணம், மாலுமியை வேலைக்கு எடுத்த முறையில் இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டில் மாலுமி கடற்படைக்கு ஆள் அல்ல, ஒரு கப்பலுக்கு ஆள். விரும்பிச் சேர்ந்தவனோ கட்டாயமாகப் பிடித்து வரப்பட்டவனோ, அந்தக் கப்பலின் பணிக்காலம் முடிந்து கணக்குத் தீர்த்ததும் கரைக்கு அனுப்பப்பட்டான். அடுத்த வாரம் அவன் வணிகக் கப்பலில் ஏறலாம், மீன்பிடிக்கப் போகலாம். இப்படி வந்துபோகும் கூலியாளுக்குச் சீருடை தைத்துத்தர எந்த நிர்வாகமும் முன்வராது. ஆனாலும் கந்தலோடு வந்தவனுக்கு உடுப்பு வேண்டுமே! அதற்காக 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே கப்பலில் ஆயத்த உடுப்புகள் விற்கப்பட்டன. ‘ஸ்லாப்ஸ்’ என்று அவற்றுக்குப் பெயர். 1663ஆம் ஆண்டின் விதிகள் எவையெவை விற்கப்படலாம் என்று பட்டியலிட்டன: சிவப்புத் தொப்பி, காலுறை, நீலச் சட்டை, வெள்ளைச் சட்டை, பருத்தி உள்ளாடை, கித்தான் உடுப்பு, தோல் செருப்பு ஆகியவை அதில் அடங்கும். விலை சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. துணியை மொத்தமாகக் கொள்முதல் செய்ததால் ஒரே கப்பலின் ஆட்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிந்தனர். சீருடை என்ற எண்ணமே இல்லாமல் சீருடைத் தோற்றம் உருவான விதம் இது.

மீதி இடத்தைக் கேப்டன்களின் பணப்பையும் ரசனையும் நிரப்பின. வசதியுள்ள கேப்டன் தன் சொந்தப் படகைத் துடுப்பிடும் ஆட்களுக்குத் தன் செலவில் உடை தைத்துக் கொடுத்தான். ஹார்லெக்வின் (கோமாளி) என்ற கப்பலின் தலைவர் 1853இல் தன் படகாட்களுக்குப் பலவண்ணக் கோமாளி உடை மாட்டிவிட்டதாகச் சொல்வார்கள்; கப்பலின் பெயருக்குப் பொருத்தமான உடைதான், ஆனால் துடுப்பு வலித்தவர்களிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

பதக்கத்தின் வரலாறும் அதிகாரியில்தான் தொடங்குகிறது. 1794 ஜூன் முதல் தேதி பிரெஞ்சுக்காரரோடு நடந்த கடற்போரை ஒட்டி அரசு உருவாக்கிய தங்கப் பதக்கம் அட்மிரல்களுக்கும் கேப்டன்களுக்கும் மட்டுமே. கீழ்நிலையினருக்குக் கிடைத்தது தனியார் தயவு. 1798இல் அட்மிரல் நெல்சன் நைல் போரில் வென்ற பின், அவருடைய பரிசுப்பண முகவரான அலெக்ஸாண்டர் டேவிசன் தன் செலவில் பதக்கம் அடித்து வழங்கினார். அதிலும் தரம் பிரித்திருந்தார்: கேப்டனுக்குத் தங்கம், லெப்டினன்டுக்கு வெள்ளி, சிற்றதிகாரிக்கு (மாலுமிகளிலிருந்து உயர்ந்தவர்) பொன்முலாம் பூசிய வெண்கலம், மாலுமிக்கு வெறும் வெண்கலம். அரசே எல்லா நிலையினருக்கும் ஒரே வெள்ளிப் பதக்கம் தர முன்வந்தது 1847இல்தான். 1793 முதல் 1840 வரையிலான போர்களுக்கு அது பொருந்தும். உயிரோடிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். 1794இல் இருபது வயதில் போரிட்டவன் அதைப் பெற எழுபத்து மூன்று வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைப் பெருந்தன்மை என்று சொல்வது கடினம்.

மாலுமியையே நினைத்து உருவான முதல் அரசுப் பதக்கம் வேறு. நான்காம் வில்லியம் மன்னர் தாமே கடற்படையில் பணியாற்றியவர். அவர் 1831இல் ஏற்படுத்திய நீண்டபணி, நன்னடத்தைப் பதக்கத்துக்குத் தொடக்கத்தில் 21 ஆண்டுப் பணி தேவைப்பட்டது. போரில் காட்டிய துணிவுக்கு அல்லாமல், விட்டுப் போகாமல் இருந்ததற்குத் தரப்பட்ட பரிசு அது. அந்த ஒரு நோக்கத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் அக்காலத்தின் மற்ற விதிகளும் புரியும். 1827இல் சிற்றதிகாரிகளின் இடக்கையில் சின்னம் வைக்கப்பட்டது. முதல் வகுப்புக்கு நங்கூரமும் அதன்மேல் கிரீடமும், இரண்டாம் வகுப்புக்கு நங்கூரம் மட்டும். 1849இல் நன்னடத்தைக்காக ‘வி’ வடிவப் பட்டைகள் வந்தன. ஒவ்வொரு பட்டைக்கும் நாளொன்றுக்கு ஒரு பென்னி கூடுதல் ஊதியம் சேர்ந்தது. ஒழுங்கு தவறினால் பட்டை கிழிக்கப்படும், பென்னியும் போகும். கசையடியை நம்பியிருந்த நிர்வாகம், துணித்துண்டாலும் செம்புக்காசாலும் ஆளைக் கட்டிவைக்க முடியும் என்று கற்றுக்கொண்ட கட்டம் இது. மூன்று பட்டை வாங்கியும் பதவி உயராத முதிய மாலுமி பின்னாளில் கப்பலுக்குக் கப்பல் காணப்பட்ட மனிதரானார். இளையவர்கள் தைக்கவும் முடிச்சுப் போடவும் அவரிடம்தான் கற்றார்கள்.

திருப்பம் 1853இல் வந்தது. தொடர்பணி முறை அறிமுகமாகி, மாலுமி ஒரு கப்பலுக்கு என்றில்லாமல் பத்து ஆண்டுகளுக்குக் கடற்படைக்கே ஒப்பந்தமானான். கப்பல் மாறும்போதெல்லாம் புதுக் கேப்டனின் ரசனைக்கேற்ப உடை மாற்றுவது இனி அவனுக்கும் நட்டம், நிர்வாகத்துக்கும் தொல்லை. ரியர் அட்மிரல் ஹென்றி ரவுஸ் தலைமையில் ஒரு குழு 1856இல் இதை ஆராய்ந்தது. அடுத்த ஆண்டு வந்த ஆணை சிற்றதிகாரி, மாலுமி, சிறுவர் ஆகியோரின் உடுப்பை வரையறுத்தது: நீலக் கம்பளிச் சட்டைக்கோட்டு, நீலக் கால்சட்டை, செர்ஜ் துணியில் தளர்வான நீல மேற்சட்டை, வெயில் நாட்டுக்கு வெள்ளை மேற்சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும், குளிருக்குக் கனத்த மேலங்கி, கறுப்புப் பட்டுக் கழுத்துத்துணி, கப்பலின் பெயர் எழுதிய நாடா சுற்றிய கறுப்புக் கித்தான் தொப்பி. இவற்றில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது எதுவும் இல்லை. மாலுமிகள் பல ஆண்டுகளாகத் தாங்களாகவே உடுத்திவந்ததை அட்மிரால்டி பார்த்து எழுதிக்கொண்டது என்பதே சரி.

நீலக் கழுத்துப்பட்டியின் விளிம்பில் மூன்று வெள்ளை நாடா வரிகள் ஓட வேண்டும் என்பதும் அந்த விதிகளில் நிலைபெற்றது. அவை நெல்சனின் மூன்று வெற்றிகளைக் குறிப்பவை, கறுப்புப் பட்டு அவர் மறைவுக்கான துக்கக்குறி என்ற கதை பரவலானது. ஆதாரம் எதுவும் கிடையாது. கறுப்புக் கழுத்துத்துணியை மாலுமிகள் நெல்சன் இறந்த 1805க்கு முன்பே அணிந்தனர். அது வேர்வை துடைக்கவும் போரின்போது நெற்றியில் கட்டவும் பயன்பட்டது.

மாலுமி உடுப்பை ஆயத்தமாக வாங்குவதைவிடத் துணியாக வாங்கித் தானே தைப்பது வழக்கமாக இருந்தது. அதற்கென்று வாரத்தில் ஒரு பிற்பகல் ஒதுக்கப்பட்டது; ‘மேக் அண்ட் மென்ட்’ (தைத்தலும் சீர்செய்தலும்) என்று அதற்குப் பெயர். தையல் பழக்கம் மறைந்த பின்னும் அரைநாள் விடுப்புக்கு அந்தப் பெயரே நிலைத்தது. ஊசி, நூல், பொத்தான் அடங்கிய சிறு உறை ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டியிருந்தது. உடுப்பு முழுவதும் ஒரு கித்தான் பைக்குள் அடங்க வேண்டும், ஒவ்வொன்றிலும் உரியவர் பெயர் மர எழுத்தச்சால் குத்தப்பட்டிருக்க வேண்டும், பரிசோதனை நாளில் விதித்த வரிசைப்படி தரையில் பரப்பிக் காட்ட வேண்டும் என்பது விதியாக இருந்தது. அகன்ற அடியுடைய கால்சட்டையில் தெரியும் குறுக்கு மடிப்புகளுக்கு ஏழு கடல்கள் என்று பொருள் சொல்வதும் உண்டு. பைக்குள் அடங்கும்படி அதை உள்வெளியாகத் திருப்பி மடித்ததால் விழுந்த தடங்கள் அவை.

தொழில்நுட்பம் வளர வளரக் கைகளில் இடம் பற்றாமல் போனது. பதவிச்சின்னமும் நன்னடத்தைப் பட்டைகளும் இடக்கைக்கு, பீரங்கி, டார்பிடோ, சமிக்ஞை போன்ற தொழிற்சின்னங்கள் வலக்கைக்கு என்று பிரிக்கப்பட்டன. முதல்தர உடையில் பொன்னிழை, அன்றாட நீல உடையில் சிவப்பு, வெள்ளை உடையில் நீலம் என நூலின் நிறமும் விதிக்குட்பட்டது. தொப்பி நாடாவில் கப்பலின் பெயர் இருப்பது மாலுமிக்குப் பெருமை. போரின்போதோ அது எதிரிக்குத் தகவல். இரண்டாம் உலகப்போரில் கப்பல் பெயர் நீக்கப்பட்டு ‘ஹெச்.எம்.எஸ்.’ என்ற எழுத்துகள் மட்டும் விடப்பட்டன. கோடைக்கான வைக்கோல் தொப்பி 1921இல் கைவிடப்பட்டது. முகத்தையும் விதி விட்டுவைக்கவில்லை: 1869இன் ஆணைப்படி தாடியும் மீசையும் சேர்த்து வளர்க்கலாம், மீசை மட்டும் கூடாது.

அதிகாரிகளின் கைவரிகளில் வேறொரு சண்டை நடந்தது. பொன் வரியின் மேல் உள்ள சுழி 1856இல் கப்பல் செலுத்தும் பிரிவினருக்கு மட்டும் தரப்பட்டது. 1863இல் மற்றவர்களுக்கு வரிகளுக்கிடையே வண்ணத்துணி வைக்கப்பட்டது. மருத்துவருக்குச் சிவப்பு, கணக்கருக்கு வெள்ளை, பொறியாளருக்கு ஊதா. நீராவி இயந்திரமே கப்பலை ஓட்டிய காலத்தில் பொறியாளர் சுழியைப் பெற 1915வரை காத்திருந்தனர். 1918இல் அது எல்லாப் பிரிவினருக்கும் ஆனது. மருத்துவ, பல்மருத்துவப் பிரிவுகள் தவிர மற்றவற்றில் வண்ணத்துணி 1955இல் நீக்கப்பட்டது.

துணிவுக்கான பதக்கத்தில் அதிகாரி, மாலுமி என்ற வேற்றுமை ஒருவழியாக மறைந்தது. 1856இல் ஏற்பட்ட விக்டோரியா கிராஸ் எல்லா நிலையினருக்கும் ஒன்றே. அதற்குரிய செயல்களில் காலத்தால் முந்தியது 1854 ஜூன் 21 அன்று பால்டிக் கடலில் நடந்தது: ஹெக்லா கப்பலின் தளத்தில் விழுந்து எரிந்துகொண்டிருந்த குண்டை சார்லஸ் லூகாஸ் என்ற இளைஞர் தூக்கிக் கடலில் எறிந்தார். 1857 ஜூன் 26 அன்று ஹைட் பூங்காவில் விக்டோரியா அரசி 62 பேருக்கு அதைக் குத்தினார். கடற்படையினருக்கு நீல நாடா, தரைப்படையினருக்குச் செந்நாடா என்றிருந்த பிரிவினை 1918இல் நீங்கி, எல்லோருக்கும் செந்நாடாவே ஆனது.

மாலுமி உடைக்கான இந்த விதித்தொகுப்பு பேரரசின் மற்றக் கடற்படைகளுக்கும் சென்றது. 1934இல் பெயர்பெற்ற ராயல் இந்தியக் கடற்படை இதே கழுத்துப்பட்டி, நாடா, நங்கூர முறைகளைக் கொண்டிருந்தது. 1950 ஜனவரி 26 அன்று ‘ராயல்’ என்ற சொல் நீங்கியது. சின்னங்களில் கிரீடம் இருந்த இடத்தில் அசோகத் தூணின் சிங்கங்கள் வைக்கப்பட்டன.